வெற்று எடை

வியாழக்கிழமை மாலை,
கடை சாத்த இருபது நிமிடம் இருக்கும்போது
பால்டுர் வந்தான்.
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டவில்லை.
பச்சைக் குப்பிகள் இருக்கும் அலமாரிக்கு நேரே போய்
நான்கை அள்ளி வந்து மேஜைமேல் வைத்தான்.

"ஏரிக்கா?"
"ஏரிக்கு."
"எத்தனை மணி நேரம்?"

இதை எல்லோரிடமும் கேட்பேன்.
ரிவர்ட்டனில் புரொப்பேன் விற்கிறவளுக்கு
வேறு கேள்வி தேவையில்லை.
மீன் எத்தனை என்று கேட்டால் பொய் சொல்வார்கள்.
மணி எத்தனை என்று கேட்டால் யோசிப்பார்கள்.

யோசித்தான்.
தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு
"இரண்டு பேர்" என்றான்.

அது நேரம் இல்லை.
ஆனாலும் அந்த இரண்டாவது ஆள் யாரென்று
ஊருக்கே தெரியும்: ஸ்கூலி.
ஒரு தாய் வயிறு. ஒரே படகு.
அப்பாவின் மீன்பிடி உரிமம் யார் பெயரில் என்பதில்
மூன்று குளிர்காலமாகப் பேச்சில்லை.
ஒருவன் என் கடைக்குள் இருந்தால்
மற்றவன் லாரியிலேயே உட்கார்ந்து
இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டிருப்பான்.

குப்பிகளை அவன் பக்கமே நகர்த்தினேன்.
"சனிக்கிழமை மைனஸ் முப்பத்துநான்கு.
இந்தக் குட்டிகளுக்கு அந்தக் குளிரில் மூச்சு வராது.
குலுக்கினால் உள்ளே சளசளக்கும்,
ஆவியாகி வெளியே வர மட்டும் மாட்டேன் என்கும்.
அடுப்பின் முகம் சிவந்து, மங்கி, கறுத்துப்போகும்.
நீ குப்பியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு
கைக்குழந்தைக்காரி மாதிரி உட்கார்ந்திருப்பாய்."

"அப்போ இருபது பவுண்டு?"
"இரண்டு நாள் எரியும்.
பனிப்பாளம் மோதி எழும்பிய மேட்டைத் தாண்டி
ஸ்லெட்டில் இழுத்துப் போக வேண்டும்.
இரண்டு நாள் வேண்டுமா உங்களுக்கு?"
"வேண்டாம்" என்றான், அவசரமாக.

ஐந்து பவுண்டை இறக்கினேன்.
பூசணிக்காய் அளவு. ஒரு கையால் தூக்கலாம்,
மறு கை துளைப்பானுக்கு மிஞ்சும்.
கழுத்துப்பட்டையில் குத்தியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன்:
வெற்று எடை ஏழு.
உள்ளே எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது.
காலியாக இருந்தபோது என்ன கனம் என்று தெரிந்தால் போதும்,
மிச்சத்தைத் தராசு சொல்லிவிடும்.

நிரப்பினேன்.
ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டேன்,
விரிய இடம் வேண்டும், சட்டம்.
சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழ் இல்லை.
"கூடாரத்து ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வை."
"குளிருமே."
"குளிரட்டும். மூடினால் தூக்கம் வரும்.
அது தூக்கம் இல்லை."

சனிக்கிழமை ஒரே காற்று. கடையில் ஈயாடவில்லை.
வேலையில்லாமல் ஆணிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வந்தான்.
"மீன்?"
"இரண்டு பிக்கரெல். ஒன்று சின்னது, திருப்பி விட்டோம்."

சிலிண்டரைத் தராசில் வைத்தேன்.
எட்டேகால்.
ஏழு போனால் ஒன்றேகால்.
மூன்றே முக்கால் எரிந்திருக்கிறது.
பெரிய தணலிலேயே வைத்திருந்தாலும்
ஒன்பது மணி நேரம்.
எட்டு மணி நேரம்கூடச் சரியாகப் பகல் நிற்காத மாதம் இது.
இருட்டிய பிறகும் உட்கார்ந்திருக்கிறார்கள்.
என்ன பேசினார்களோ, அதற்குத் தராசில் கோடு இல்லை.
உரிமத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை.

திரும்ப லாரிக்குப் போனான்.
இன்னொன்றைத் தூக்கி வந்தான்:
துரு பிடித்த பழசு,
கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட்டில் ஸ்கூலி.
"இதையும் நிரப்பு."
முத்திரையைத் தேய்த்துத் தேதி பார்த்தேன்.
பதினான்கு வருடம்.
பத்துக்கு மேல் போனால் தொடமாட்டேன்,
யார் வீட்டுச் சிலிண்டராக இருந்தாலும்.
"முடியாது."
"அவனிடம் நான் என்ன சொல்ல?"
"கெடு முடிந்துவிட்டது என்று சொல்."

முனகினான்.
புதியது ஒன்று வாங்கினான், தன் காசில்.
பழசை இங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னேன்,
கேட்கவில்லை.
அதையும் முன் சீட்டில் நிமிர்த்தி வைத்து,
பெல்ட் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்து,
தன் வீட்டுக்குப் போகாத சாலையில்
வண்டியைத் திருப்பினான்.